விபத்தில் அடிபட்டவருக்கு இழப்பீடு: செட்டிநாட்டுப் பக்கம் வழக்குப் போடுகிறவர்கள் கவனிக்க வேண்டியவை

இழப்பீட்டு வழக்கில் வரவேண்டிய தொகை ஏன் குறைந்தது என்று தேடிப் போனால், காரணம் பெரும்பாலும் விபத்து நடந்த முதல் இரண்டு வாரத்துக்குள்ளேயே இருக்கும். ஆஸ்பத்திரியில் யாரோ சொன்ன ஒரு வரி, போலீஸ் ஸ்டேஷனில் படிக்காமல் போட்ட ஒரு கையெழுத்து, மெடிக்கல் கடையில் வாங்காமல் விட்ட ரசீது. வக்கீல் எவ்வளவு திறமையாக வாதாடினாலும் இவற்றைப் பிறகு சரிசெய்வது கடினம். அதனால் இந்த வழிகாட்டியில் கோர்ட்டுக்கு முந்திய வேலைக்குத்தான் அதிக இடம் கொடுத்திருக்கிறோம்.

முதல் நாள்: ஆஸ்பத்திரிக் குறிப்பு

காரைக்குடி அரசு மருத்துவமனையானாலும் தனியார் ஆஸ்பத்திரியானாலும், விபத்து என்று சொல்லிச் சேர்த்தவுடன் விபத்துப் பதிவேட்டில் ஒரு குறிப்பு எழுதுவார்கள். எங்கே, எத்தனை மணிக்கு, எப்படி அடிபட்டது, யார் கூட்டி வந்தது என்பதெல்லாம் அதில் இருக்கும். பதற்றத்தில் கூட வந்தவர் "வண்டியிலேருந்து விழுந்துட்டாக" என்று சொல்லிவிடுவார். டாக்டரும் அப்படியே எழுதிவிடுவார். இரண்டு வருடம் கழித்து காப்பீட்டு நிறுவனத்தின் வக்கீல் அந்த வரியைத்தான் எடுத்து வாசிப்பார்: "தானாக விழுந்தவர், எங்கள் வண்டி மோதவே இல்லை."

ஆகவே சேர்க்கும்போதே தெளிவாகச் சொல்லுங்கள்: எந்த வகை வண்டி மோதியது, எந்தப் பக்கத்திலிருந்து வந்தது, வண்டி எண் தெரிந்தால் அதுவும். மதுரைக்கு மாற்றி அனுப்பினால் அங்கேயும் அதே விவரத்தைச் சொல்ல வேண்டும். இரண்டு ஆஸ்பத்திரிக் குறிப்பும் ஒன்றுக்கொன்று மாறினால் சந்தேகம் உங்கள் மேல்தான் விழும். தவறாக எழுதிவிட்டார்கள் என்று தெரிந்தால், பதிவேட்டை அடித்துத் திருத்தச் சொல்லிக் கெஞ்ச வேண்டாம். போலீஸில் கொடுக்கும் வாக்குமூலத்தில் நடந்ததைச் சரியாகச் சொல்லி, சேர்த்தவர் நேரில் பார்க்காதவர் என்பதையும் பதிவு செய்யுங்கள்.

சிகிச்சைச் செலவைப் பற்றி ஒரு வார்த்தை. தமிழக அரசின் "இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48" திட்டத்தில், பட்டியலில் உள்ள ஆஸ்பத்திரிகளில் முதல் 48 மணி நேர சிகிச்சைக்குப் பணம் கட்ட வேண்டியதில்லை. மத்திய அரசு 2025 மே மாதம் அறிவித்த திட்டத்தில் விபத்து நடந்த நாளிலிருந்து 7 நாள் வரை, ஒருவருக்கு 1.5 லட்ச ரூபாய் வரை கட்டணமில்லாச் சிகிச்சை உண்டு. நகையை அடகு வைக்க ஓடுவதற்கு முன் ஆஸ்பத்திரி அலுவலகத்தில் இதைக் கேளுங்கள்.

காவல் நிலையத்தில் முதல் தகவல் அறிக்கையைத் தாமதிக்காதீர்கள். "பேசி முடிச்சுக்கலாம்" என்று எதிர்த் தரப்பு சொன்னதை நம்பிப் பத்து நாள் கழித்துப் போனால், வண்டியைப் பிறகு செட்டப் செய்ததாகக் குற்றச்சாட்டு வரும். தாமதத்துக்கு நியாயமான காரணம் இருந்தால் (ஐ.சி.யு.வில் இருந்தார், கூட யாருமில்லை) அது புகாரிலேயே எழுதப்பட வேண்டும். எழுதியதை வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்டுவிட்டே கையெழுத்துப் போடுங்கள்.

கடைத்தெரு கேமராப் பதிவுகள் சில நாட்களில் தானாக அழிந்துவிடும். கல்லுக்கட்டியிலோ தேவகோட்டை ரஸ்தாவிலோ நடந்த விபத்தானால், மறுநாளே அக்கம்பக்கத்துக் கடைக்காரர்களிடம் போய்ப் பேசுங்கள். அந்தப் பதிவைக் கோர்ட்டில் காட்ட, பாரதிய சாட்சிய சட்டம் 63-ஆம் பிரிவின்படி ஒரு சான்றிதழ் சேர்த்துக் கொடுக்க வேண்டும். வெறும் பென் டிரைவ் போதாது.

எந்த மன்றம், எத்தனை நாள்

மோட்டார் வாகனத்தால் அடிபட்டால் சாதாரண சிவில் வழக்கு கிடையாது. மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில், 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் 166-ஆம் பிரிவில் மனுப் போட வேண்டும். மாவட்ட நீதிமன்றங்களும் சார்பு நீதிமன்றங்களும்தான் நம் பக்கம் தீர்ப்பாயங்களாக இயங்குகின்றன.

செட்டிநாட்டு ஊர்கள் சிவகங்கை, புதுக்கோட்டை என்று இரண்டு மாவட்டங்களில் பிரிந்து கிடப்பதால் எங்கே போடுவது என்ற குழப்பம் வரும். விபத்து நடந்த இடம், மனுதாரர் குடியிருக்கும் அல்லது தொழில் செய்யும் இடம், எதிர்மனுதாரர் இருக்கும் இடம் ஆகிய மூன்றில் எதை வேண்டுமானாலும் நீங்கள் தேர்ந்தெடுக்கலாம். திருமயத்தில் அடிபட்ட கோட்டையூர்க்காரர் சிவகங்கை மாவட்டத்திலேயே போடலாம். சென்னையில் அடிபட்ட பள்ளத்தூர்க்காரருக்கும் இது பொருந்தும். ஒவ்வொரு வாய்தாவுக்கும் ரயிலேற வேண்டியதில்லை.

காலக்கெடு விபத்து நடந்த நாளிலிருந்து 6 மாதம். 2019 திருத்தம் கொண்டுவந்த இந்தக் கெடு 2022 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கிறது. இதை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் வழக்குகள் போடப்பட்டிருக்கின்றன. அதை நம்பித் தள்ளிப்போடாதீர்கள். சிகிச்சை முடியாவிட்டாலும், ஊனச் சான்று வராவிட்டாலும், ஆறு மாதத்துக்குள் மனுவைப் போட்டுவிட்டு மற்ற ஆவணங்களைப் பிறகு தாக்கல் செய்யலாம். போலீஸும் 48 மணி நேரத்தில் முதல் விபத்து அறிக்கையையும், 90 நாளில் விரிவான விபத்து அறிக்கையையும் தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டும் என்று 2022 விதிகள் சொல்கின்றன. அந்த அறிக்கையையே மனுவாக ஏற்கவும் சட்டத்தில் இடமுண்டு. ஆனாலும் உங்கள் மனுவை நீங்களே போடுவதுதான் பாதுகாப்பு.

164-ஆம் பிரிவு என்று இன்னொரு வழி இருக்கிறது. யார் தவறு என்று நிரூபிக்காமலே மரணத்துக்கு 5 லட்சம், கொடுங்காயத்துக்கு 2.5 லட்சம். எலும்பு முறிந்தாலே கொடுங்காயம்தான். கை நீட்டுவதற்கு முன் ஒன்றை யோசியுங்கள். அந்தத் தொகையைப் பெற்றுக்கொண்டால் 166 மனு அத்தோடு முடிந்தது. குடும்பத்தைக் காப்பாற்றுகிற கை ஊனமாகியிருந்தால் 2.5 லட்சம் எந்த மூலைக்கு?

மோதிவிட்டு நிற்காமல் போன வண்டி எதுவென்றே தெரியாவிட்டால் கதவு வேறு. தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கிற நம் பாதயாத்திரைக்காரர்களுக்கு விடியற்காலை இருட்டில் நேரும் விபத்துகளில் இது நடக்கக்கூடியது. அப்போது 161-ஆம் பிரிவுத் திட்டத்தில், விபத்து நடந்த இடத்தின் கோட்டாட்சியர் அல்லது வட்டாட்சியர் நிலையில் உள்ள விசாரணை அலுவலரிடம் விண்ணப்பிக்க வேண்டும். மரணத்துக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய். தேவகோட்டைக்காரர் திண்டுக்கல் பக்கம் அடிபட்டிருந்தால் அந்தப் பக்கத்து அலுவலரைத்தான் பார்க்க வேண்டும்.

எதிர்மனுதாரர்கள் யார்

ஓட்டுநர், ஆர்.சி. புத்தகத்தில் உள்ள உரிமையாளர், காப்பீட்டு நிறுவனம் என மூவரையும் சேர்க்க வேண்டும். வண்டியை விற்றுவிட்டேன், பெயர்தான் மாற்றவில்லை என்று உரிமையாளர் சொன்னாலும் சட்டத்தின் கண்ணில் ஆர்.சி.யில் பெயர் இருப்பவரே பொறுப்பு. அரசுப் பேருந்தானால் கும்பகோணம் கோட்டப் போக்குவரத்துக் கழகத்தின் நிர்வாக இயக்குநர் எதிர்மனுதாரர்.

வண்டிக்குக் காப்பீடு இருக்கிறது என்பது மட்டும் போதாது, அது எந்த வகைப் பாலிசி என்று பார்க்க வேண்டும். மூன்றாம் நபர் பாலிசி மட்டும் உள்ள பைக்கில் பின்னால் உட்கார்ந்து போனவருக்கு, அந்தப் பைக் ஓட்டியவரின் தவறால் அடிபட்டால், அந்தப் பாலிசியிலிருந்து பணம் வராது. முழுப் பாலிசியாக இருந்தால் வரும். நண்பரின் பைக்கை இரவல் வாங்கித் தானே சறுக்கி விழுந்தவருக்கும் 166-இல் வழியில்லை. திருவிழாவுக்கும் துக்கத்துக்கும் டாடா ஏஸில் ஆட்களை ஏற்றிக்கொண்டு போவது நம்மூரில் சர்வசாதாரணம். சரக்கு வண்டியில் பயணியாகப் போனவருக்குக் காப்பீட்டு நிறுவனம் பொறுப்பேற்காது. தீர்ப்பு உரிமையாளர் மேல் வரும், அவரிடம் வசூலிப்பது பெரும்பாடு. அதே ஏஸ் மீது லாரி மோதி, தவறு லாரியினுடையது என்றால் லாரியின் காப்பீட்டிலிருந்து கேட்கலாம். ஆகவே தவறு யாருடையது என்பதை மனுவில் எப்படி எழுதுகிறோம் என்பதே சில வழக்குகளில் எல்லாவற்றையும் தீர்மானிக்கும்.

ஓட்டுநருக்கு லைசென்ஸ் இல்லையென்று காப்பீட்டு நிறுவனம் கைகழுவப் பார்த்தால் பயப்பட வேண்டாம். பல வழக்குகளில் முதலில் உங்களுக்குக் கட்டிவிட்டுப் பிறகு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள் என்று தீர்ப்பாயம் உத்தரவிடுகிறது.

மனுவோடு சேர வேண்டியவை: முதல் தகவல் அறிக்கை, பார்வை மகஜர் (விபத்து இடத்தைப் பார்த்துப் போலீஸ் எழுதுவது), அந்த இடத்தின் மாதிரி வரைபடம், மோட்டார் வாகன ஆய்வாளர் அறிக்கை, குற்றப்பத்திரிகை, காயச் சான்றிதழ், டிஸ்சார்ஜ் சம்மரி, எக்ஸ்ரே ஃபிலிம்கள், அசல் ரசீதுகள், ஆதார், வயதுச் சான்று, வருமானச் சான்று, வண்டியின் ஆர்.சி., பாலிசி, லைசென்ஸ் நகல்கள். விபத்து வழக்கு ஆவணங்களைத் தமிழ்நாடு காவல்துறையின் இணையச் சேவையிலும் பெறலாம். மெடிக்ளெய்முக்கு அசல் ரசீதுகளைக் கொடுக்கும் முன் சான்றொப்பமிட்ட நகல் ஒரு செட் எடுத்துவையுங்கள்.

தொகை எங்கிருந்து வருகிறது

மருத்துவச் செலவு, போக்குவரத்து, சத்துணவு, கூட இருந்து பார்த்துக்கொண்டவரின் கூலி, சிகிச்சைக் காலத்தில் இழந்த வருமானம், வலியும் வேதனையும், வாழ்க்கை வசதியின் இழப்பு, இனிமேல் ஆகும் சிகிச்சை என்று பல தலைப்புகள் உண்டு. இவற்றில் பெரிய பணம் எதுவும் இல்லை. நிரந்தர ஊனத்தால் எதிர்கால வருமானம் எவ்வளவு குறைகிறது என்ற தலைப்பில்தான் இருக்கிறது.

இதைக் கணக்கிட இரண்டு முறை உண்டு. ஊனம் சிறியது, வேலையைப் பாதிக்கவில்லை என்று தீர்ப்பாயம் கருதினால் ஒரு சதவீதத்துக்கு இத்தனை ரூபாய் என்று மொத்தமாகக் கொடுத்துவிடும். சதவீதத்துக்கு 5,000 என்று வைத்துக்கொண்டால் 30 சதவீதத்துக்கு 1,50,000 ரூபாய். ஊனம் வருமானத்தையே வெட்டுகிறது என்று நிரூபித்தால் பெருக்கல் முறை வரும். காலில் 30 சதவீத ஊனமான 32 வயதுக் கொத்தனார், மாத வருமானம் 15,000. சுயதொழில் செய்பவர், 40 வயதுக்குக் கீழ் என்பதால் எதிர்கால உயர்வுக்கு 40 சதவீதம் கூட்டினால் 21,000. ஆண்டுக்கு 2,52,000. அந்த வயதுக்குப் பெருக்கல் எண் 16. அதில் 30 சதவீதம் எடுத்தால் 12,09,600 ரூபாய். அதே ஆள், அதே கால், அதே சான்றிதழ். நிரூபித்த விதத்தில் பத்து லட்சத்துக்கு மேல் வித்தியாசம்.

பெருக்கல் எண்கள் 2009-இல் சரளா வர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த அட்டவணையிலிருந்து வருகின்றன: 15–25 வயதுக்கு 18, 26–30 என்றால் 17, 31–35க்கு 16, 36–40க்கு 15, 41–45க்கு 14, 46–50க்கு 13, 51–55க்கு 11, 56–60க்கு 9, 61–65க்கு 7, அதற்கு மேல் 5. வயதில் ஒரு வருடம் மாறினாலே தொகை இறங்கக்கூடும். பள்ளிச் சான்றிதழ் ஒன்று, ஆதார் வேறொன்று என்றிருந்தால் முதலிலேயே வக்கீலிடம் சொல்லிவிடுங்கள்.

மருத்துவ வாரியம் தருவது உடல் உறுப்பின் ஊனச் சதவீதம். கோர்ட் பார்க்க வேண்டியது அந்த ஊனம் இந்த மனிதரின் பிழைப்பை எவ்வளவு பாதிக்கிறது என்பதை. 2010-இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகப் பிரித்துக் காட்டியது. கணுக்கால் இறுகிப்போன ஒருவர் கல்லாவில் உட்காருகிற வேலை பார்த்தால் வருமானம் அவ்வளவாகக் குறையாது. அவரே காரைக்குடியில் கண்டாங்கிச் சேலை நெய்கிறவராக இருந்தால், நாள் முழுக்கக் காலால் மிதித்தே நெய்ய வேண்டும். சான்றிதழில் 20 சதவீதம் இருந்தாலும் அவருடைய தறி நின்றுபோகலாம். ஆத்தங்குடிக் கல் ஊற்றுகிறவருக்கு வலது கை விரல், சமையல் மாஸ்டருக்குத் தோள்பட்டை. எந்த அசைவு போயிற்று, தொழிலில் அந்த அசைவு எங்கே வேண்டும் என்று மனுவிலும் சாட்சியத்திலும் விவரமாக எழுத வேண்டும். "வேலை செய்ய முடியவில்லை" என்ற ஒற்றை வரியால் பயனில்லை. தறியில் உட்கார்ந்து வேலை செய்த பழைய போட்டோ, கூட்டுறவுச் சங்கத்தின் கூலிப் புத்தகம், முதலாளியின் நேரடிச் சாட்சியம் எல்லாம் கைகொடுக்கும்.

சிகிச்சை தந்த டாக்டரையோ ஊனத்தை மதிப்பிட்ட டாக்டரையோ சாட்சியாக விசாரிக்காவிட்டால் சான்றிதழின் மதிப்பு குறையும். பணத்துக்கு உடனே சான்றிதழ் தருகிறேன் என்று வருபவரிடம் போகவே கூடாது. தீர்ப்பாயம் மருத்துவ வாரியத்துக்கு அனுப்பினால் அங்கே சதவீதம் பாதியாகிவிடும், உங்கள் மற்ற பேச்சும் நம்பிக்கை இழக்கும்.

வருமானத்தை நிரூபிப்பதில் பெண்களுக்குத்தான் அநியாயம் அதிகம் நடக்கிறது. ஆச்சிகள் வீட்டிலிருந்தே கைமுறுக்கும் மனகோலமும் சீடையும் சுட்டுச் சிங்கப்பூர் வரைக்கும் அனுப்புவார்கள். மனுவில் "இல்லத்தரசி" என்று மட்டும் எழுதிவிடுவார்கள். ஆர்டர் எழுதிய நோட்டு, ஜிபே வரவு, மாவு மில் கணக்கு, கூரியர் ரசீது எல்லாமே வருமானச் சான்றுதான். எந்த வியாபாரமும் செய்யாத இல்லத்தரசியின் உழைப்புக்கும் ஒரு வருமானத்தைக் கணித்தே இழப்பீடு தர வேண்டும் என்பது உச்ச நீதிமன்றத்தின் நிலைப்பாடு. அதைக் கேட்டு வாங்குங்கள்.

சாட்சிக் கூண்டில்

தலைமை விசாரணையை, அதாவது உங்கள் தரப்பு சாட்சியத்தை, நிரூபண வாக்குமூலமாக எழுதிக் கொடுத்துவிடுவார்கள். அதன்பின் குறுக்கு விசாரணை. கேள்விகள் ஏறக்குறைய தெரிந்தவைதான்: ஹெல்மெட் போட்டிருந்தீர்களா, லைசென்ஸ் இருந்ததா, எத்தனை பேர் போனீர்கள், எந்தப் பக்கம் போனீர்கள், இப்போது வேலைக்குப் போகிறீர்களா. உண்மையைச் சொல்லுங்கள். மூன்று பேர் பைக்கில் போனது சட்டப்படி குற்றம். ஆனால் விபத்துக்கு அதுவே காரணமாக இருந்தால்தான் இழப்பீட்டில் கழிக்கலாம். பொய் சொல்லி மாட்டிக்கொண்டால் கழிவு அதைவிடப் பெரிது. உங்கள் பங்குத் தவறு 25 சதவீதம் என்று முடிவானால் மொத்தத்தில் கால் பங்கு போகும்.

கிரிமினல் வழக்கில் ஓட்டுநர் விடுதலையானாலும் இழப்பீட்டு மனு விழுந்துவிடாது. அங்கே சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டும், இங்கே எது நடந்திருக்க வாய்ப்பு அதிகம் என்று காட்டினால் போதும்.

வழக்கு நடக்கும்போது மனுதாரர் வேறு நோயால் இறந்துபோனாலும் காய இழப்பீட்டு உரிமை வாரிசுகளுக்கு வரும். வாரிசுச் சான்றோடு அவர்களைச் சேர்க்க உடனே மனுப் போடுங்கள்.

வண்டி சம்பந்தமில்லாத காயம்

பூட்டிக் கிடக்கும் பெரிய வீட்டின் தெருச்சுவர் மழையில் சரிந்து போகிறவர் மேல் விழுந்தால் அது சிவில் வழக்கு. கானாடுகாத்தான், தேவகோட்டை மாதிரி ஊர்களில் இதில் முதல் சிக்கல், வீடு யாருடையது என்பதே. பத்துப் பதினைந்து பங்காளிகள், பாதிப் பேர் சென்னை, மிச்சம் மலேசியா, சிங்கப்பூர். சொத்து வரி ரசீது, பட்டா, வில்லங்கச் சான்று மூன்றையும் எடுத்து எல்லோரையும் பிரதிவாதியாகச் சேர்க்கப் பாருங்கள். வீட்டைப் பார்த்துக்கொள்கிற ஆளிடமிருந்து விலாசங்கள் கிடைக்கும். ஆபத்தான கட்டடம் என்று நகராட்சியோ ஊராட்சியோ முன்பே நோட்டீஸ் கொடுத்திருந்தால் தகவல் உரிமைச் சட்டத்தில் அதன் நகலை வாங்குங்கள். இதைவிட வலுவான சான்று இருக்காது. நன்கு பராமரித்த சுவர் தானாக விழாது என்பதே உங்கள் அடிப்படை வாதம்.

காயத்துக்கான வழக்குக்குக் கெடு 3 ஆண்டு, இறப்புக்கு இறந்த நாளிலிருந்து 2 ஆண்டு. இங்கே உங்கள் வசதிக்கு ஊரைத் தேர்ந்தெடுக்க முடியாது. காயம் நடந்த இடம் அல்லது பிரதிவாதி இருக்கும் இடம் மட்டுமே. 2017 குறைப்புக்குப் பிறகு கோர்ட் கட்டணம் கேட்கிற தொகையில் 3 சதவீதம், 5 லட்சத்துக்கு 15,000 ரூபாய். கட்ட வழியில்லாதவர் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 33-ஆம் கட்டளையில் ஏழை வழக்காளியாக அனுமதி கேட்கலாம். அரசை எதிர்த்துப் போடுவதானால் 80-ஆம் பிரிவு நோட்டீஸ் கொடுத்து இரண்டு மாதம் காத்திருக்க வேண்டும். பிரதிவாதி 30 நாளில், அதிகம் போனால் 90 நாளில், எழுத்து மூல பதிலுரை தாக்கல் செய்ய வேண்டும். வெளிநாட்டுப் பங்காளிகளுக்குச் சம்மன் கொண்டுசேர்ப்பதிலேயே மாதங்கள் ஓடும் என்பதால் விலாசம் சரியாக இருக்க வேண்டும்.

அறுந்து விழுந்த மின்கம்பியால் பாதிப்பென்றால் மின் ஆய்வாளர் அறிக்கையை வாங்குங்கள். மின்வாரியத்தின் கவனக்குறைவை நீங்கள் நிரூபிக்கத் தேவையில்லை, ஆபத்தான பொருளைக் கொண்டுசெல்பவருக்கே பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2002-இல் சொல்லியிருக்கிறது. கட்டணம் வாங்கிய ஆஸ்பத்திரியின் தவறான சிகிச்சைக்கு நுகர்வோர் ஆணையம், 2 ஆண்டுக்குள். இலவசமாகவே சிகிச்சை தரும் அரசு ஆஸ்பத்திரிக்கு அந்த வழி கிடையாது, சிவில் வழக்குத்தான். சிராவயல் மஞ்சுவிரட்டில் மாடு பிடிக்க இறங்கியவர், ஆபத்து தெரிந்தே இறங்கினார் என்ற எதிர்வாதத்தைச் சந்திக்க வேண்டும். தடுப்புக்கு வெளியே நின்றவரின் நிலை அதைவிட வலுவானது.

வக்கீல், சமரசம், பணம்

வெற்றுத் தாளிலும் நிரப்பாத வக்காலத்திலும் கையெழுத்துப் போடக் கூடாது. ஆஸ்பத்திரி வராண்டாவிலேயே வந்து "பாதிக்குப் பாதி" என்று பேசும் இடைத்தரகர்களைத் திருப்பி அனுப்புங்கள். தீர்ப்புத் தொகையில் பங்கு பேசுவதை வழக்கறிஞர்களின் நடத்தை விதிகள் அனுமதிப்பதில்லை. பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமான வரம்பின்றி இலவச சட்ட உதவி உண்டு. தாலுகா சட்டப் பணிகள் குழுவில் கேளுங்கள், அல்லது 15100-க்கு அழையுங்கள்.

லோக் அதாலத்தில் (மக்கள் நீதிமன்றச் சமரசத்தில்) முடித்தால் பணம் சீக்கிரம் வரும், ஆனால் மேல்முறையீடு கிடையாது. ஊனச் சான்று வருவதற்கு முன் சமரசத்துக்கு உட்காராதீர்கள். உங்கள் வழக்கின் மதிப்பு உங்களுக்கே தெரியாத நேரம் அது. கணக்கைப் போட்டு வைத்துக்கொண்டு, இதற்குக் கீழே இறங்குவதில்லை என்று முடிவு செய்துவிட்டுப் போங்கள்.

தீர்ப்பில் மனுத் தேதியிலிருந்து வட்டியும் சேரும், நம் பக்கம் 7.5 சதவீதம் என்பது வழக்கமாகப் பார்க்கிற விகிதம். தொகை வங்கிக் கணக்குக்கு வரும். சிறார்களின் பங்கு வயது நிறையும் வரை வைப்பில் இருக்கும், படிப்புக்கோ சிகிச்சைக்கோ தேவையானால் மனுப் போட்டு எடுக்கலாம். தொகை போதவில்லை என்றால் 90 நாளில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் மேல்முறையீடு. சர்ச்சைக்குரிய தொகை 1 லட்சத்துக்குக் குறைந்தால் அதுவும் முடியாது. தீர்ப்பு வந்த அன்றே சான்றிட்ட நகலுக்கு விண்ணப்பம் போடுங்கள். நகல் தயாராக ஆகும் நாட்கள் அந்த 90-இல் சேராது, விண்ணப்பிக்காமல் விட்ட நாட்கள் சேரும்.